பல கட்டமா, பல அடுக்கா, பல நிலையா?

மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பள்ளிக் கண்காட்சிக்கு ஐந்து மாதிரிகள் செய்கிறார்கள்: ராக்கெட், ஆழ்துளைக் கிணற்று மோட்டார், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, உப்பளம், பாம்பன் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பிள்ளைகள் சேகரித்துக் கொண்டுவந்த குறிப்புகளில் ஐந்துக்கும் ‘மல்டி ஸ்டேஜ்’ என்று இருக்கிறது. தமிழ் அட்டையில் ஐந்திலும் ‘பல கட்ட’ என்று எழுதிவிடலாமா, ‘பன்னிலை’ என்று எழுத வேண்டுமா, ‘பல அடுக்கு’ என்றும் பார்த்திருக்கிறேனே, எல்லாம் ஒன்றுதானா என்று கேட்கிறார்.

ஒன்றில்லை, டீச்சர். ஐந்து அட்டையில் ஒன்றுக்குத்தான் ‘பல கட்ட’ தயக்கமில்லாமல் பொருந்தும். இரண்டுக்கு ‘அடுக்கு’ வேண்டும். குடிநீர் ஆலைக்கு, எந்த முறையில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று. ஒன்றுக்கு இந்த வகைச் சொல் எதுவுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மல்டி ஸ்டேஜ் என்பதன் அடிப்படைப் பொருள், ஒரு வேலை ஒரே மூச்சில் முடியாமல் வரிசையாக வரும் பல பகுதிகளில் நடக்கிறது என்பது. ‘பல’ இருந்தால் மட்டும் போதாது, வரிசை வேண்டும். முந்தைய பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு ஏதாவது கைமாற வேண்டும், அது தண்ணீராகவோ வேகமாகவோ தகவலாகவோ இருக்கலாம். இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி எளிது: இரண்டாவதைத் தூக்கி முதலில் வைத்துப் பாருங்கள். காரியம் கெட்டுப்போனால் அது ஸ்டேஜ். கெடவில்லை என்றால் அவை வெறும் வகைகள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘ஸ்டேஜ்’ என்ற அந்த ஒரே சொல் காலத்தின் பகுதிக்கும் வருகிறது, கருவியின் பகுதிக்கும் வருகிறது. பேச்சுவார்த்தையின் இரண்டாம் ஸ்டேஜ் என்பது ஒரு காலம். பம்பின் இரண்டாம் ஸ்டேஜ் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் உலோகத் துண்டு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. காலத்துக்குக் கட்டம், கருவிக்கு அடுக்கு. இது போக நிலை, படி, பருவம், பதம் என்று இன்னும் நான்கு சொற்கள் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. இவ்வளவும் கையில் இருக்கும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டுவானேன்?

கட்டம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளம் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் இருக்கிறது. கடல்நீர் உள்ளே வரும்போது அடர்த்தி அளக்கும் திரவமானியை விட்டுப் பார்த்தால் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். போமே டிகிரி என்று பெயர். வெப்பத்தின் டிகிரி இல்லை, அடர்த்தியின் டிகிரி. இதைப் பிள்ளைகள் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள், அட்டையில் எழுதிவிடுங்கள். தண்ணீரை முதலில் ஒரு பெரிய பரப்பில் தேக்குவார்கள். அடுத்து ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் பாத்திகளில் சுண்டவைப்பார்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். சுமார் 25 டிகிரிக்கு வந்தபிறகுதான் உப்பு விளையும் பாத்திக்கு விடுவார்கள்.

ஏன் இத்தனை இடம் மாற்ற வேண்டும், ஒரே பாத்தியில் விட்டுச் சுண்டவைத்தால் உப்பு வராதா? வரும். ஆனால் கலப்படமாக வரும். கடல்நீரில் சமையல் உப்பு மட்டும் கரைந்திருக்கவில்லை. அடர்த்தி 13 டிகிரியை ஒட்டி வரும்போதே ஜிப்சம் பிரியத் தொடங்கிவிடும். அது சுண்டவைக்கும் பாத்தியிலேயே படிந்து தங்கிவிட வேண்டும். ஒரே பாத்தி என்றால் ஜிப்சமும் உப்பும் ஒரே தரையில் கிடக்கும், வாரும்போது இரண்டும் சேர்ந்து வரும். மறுபக்கம், 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர ஆரம்பிக்கும். அந்த உப்பு கசக்கும், மூட்டையிலேயே ஈரம் இழுத்துக் கசியும். அதனால் மிச்சமிருக்கும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். ஆக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலை, ஒரு தொடக்க டிகிரி, ஒரு முடிவு டிகிரி இருக்கிறது. எதையும் தாண்டவும் முடியாது, முன்பின் மாற்றவும் முடியாது. பல கட்ட ஆவியாதல் என்று இங்கே தயங்காமல் எழுதலாம்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதே விஷயம் வேறு சொல்லில் தெரிந்திருக்கும். பதநீர் கொதித்துச் சுண்டி, பாகாகி, சிரட்டையில் ஊற்றும் அளவுக்கு வரும்வரை காய்ச்சுகிற அம்மா ‘கட்டம்’ என்று சொல்லமாட்டார். ‘இன்னும் பதம் வரலை’ என்பார். அடுப்பில் இருக்கும் பொருளின் ஸ்டேஜுக்குத் தமிழில் பதம் என்று பெயர். கண்ணாலும் கையாலும் அறிகிற அளவு அது. கடிகாரத்தைப் பார்த்து அறிவதில்லை. சமையல் குறிப்பில் ‘பாகின் மூன்றாம் கட்டத்தில்’ என்று யாராவது எழுதியிருந்தால் அவர் அடுப்படிப் பக்கமே போகாதவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ராக்கெட். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ராக்கெட் மாதிரி வைத்தால் அது எஸ்.எல்.வி-3 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து செய்தது. சுமார் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு ஸ்டேஜ், நான்கும் திட எரிபொருள். 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 17 டன் கிளம்பி 35 கிலோ போய்ச் சேர்கிறது. இந்த இரண்டு எண்களையும் அட்டையில் பெரிதாக எழுதுங்கள், ராக்கெட்டை ஏன் பகுதி பகுதியாகச் செய்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கிறது. எரிபொருள் தீர்ந்த கூடு வெறும் சுமை. அதைச் சுமந்துகொண்டே போனால் சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் கிடைக்காது. தீர்ந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பற்றவைப்பதுதான் வழி.

இங்கே ஸ்டேஜ் என்பது ஒரு பொருள். அதற்கு எடை உண்டு, நீளம் உண்டு, கழன்று கடலில் விழும். எனவே அடுக்கு. ஆனால் அந்த அடுக்கு எரிகிற நேரமும் ஒன்று இருக்கிறது, அது கட்டம். செய்தித்தாள்களில் கட்டம், நிலை, அடுக்கு மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பெரும்பாலும் பாதகமில்லை. கோளாறு வந்தால்தான் வித்தியாசம் தெரியும். எஸ்.எல்.வி-3இன் முதல் பயணம் 1979 ஆகஸ்ட் 10 அன்று நடந்து தோற்றது. முதல் அடுக்கு தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதானதால் ராக்கெட் தடம்மாறி வங்கக் கடலில் விழுந்தது. இதை ‘இரண்டாம் கட்டத்தில் கோளாறு’ என்று எழுதினால் படிக்கிறவர் நேரத்தைத்தான் நினைப்பார். ‘இரண்டாம் அடுக்கில் கோளாறு’ என்றால் எந்தத் துண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று புரியும். உங்கள் மாதிரியில் பிள்ளைகள் அட்டைக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித்தானே செய்கிறார்கள்? நான்கு அடுக்கு ராக்கெட் என்றே போடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. போர்வெல் மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் ‘எத்தனை ஸ்டேஜ் வேணும்’ என்றுதான் கேட்பார். நீளமான குழாய் மாதிரி இருக்கும் பம்புக்குள் ஒரே தண்டில் இம்பெல்லர்கள், அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரங்கள், வரிசையாகக் கோத்திருக்கும். ஓர் இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள கிண்ணமும் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ். முதலாவது தள்ளிய தண்ணீரை இரண்டாவது வாங்கி இன்னும் அழுத்தம் ஏற்றித் தள்ளும், அதை மூன்றாவது வாங்கும். ஓர் இம்பெல்லர் எட்டு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்று வைத்துக்கொண்டால் பத்து ஸ்டேஜ் பம்பு எண்பது மீட்டருக்குத் தள்ளும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது ஸ்டேஜைக் கூட்டுவதால் பெருகாது. ‘அதிக ஸ்டேஜ் போட்டால் அதிகத் தண்ணீர்’ என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டேஜ் கூடினால் கூடுவது உயரம். நம் கடலோரத்தில் பல இடங்களில் ஆழமாகப் போனால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பத்து ஸ்டேஜ் போட்டு உப்புத் தண்ணீரை மாடிக்கு ஏற்றி என்ன செய்ய?

இந்தப் பம்பை ‘பல கட்ட மோட்டார்’ என்றால் கேட்கிறவர், முதலில் கொஞ்சம் ஓடி, நின்று, அப்புறம் வேகமாக ஓடும் மோட்டார் என்று புரிந்துகொள்வார். பத்து இம்பெல்லரும் ஒரே தண்டில், ஒரே நேரத்தில் சுற்றுகின்றன. தண்ணீருக்குத்தான் முன்பின் உண்டு, கருவிக்கு இல்லை. பல அடுக்குப் பம்பு என்பதே சரி. அடைப்புக்குறி எதுவும் போடாமல் பக்கத்திலேயே ‘கடையில் ஸ்டேஜ் என்று கேட்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் சொல்ல உதவும்.

அடுக்கு என்ற சொல்லிலும் ஒரு கவனம் வேண்டும். டிபன் கேரியரில் நான்கு அடுக்கு இருக்கிறது; அதில் சோற்றிலிருந்து எதுவும் ரசத்துக்குக் கைமாறுவதில்லை. மூன்றடுக்குப் பாதுகாப்பு, மூன்றடுக்கு ஊராட்சி முறை என்பவையும் இப்படித்தான். அடுக்கு என்று சொன்னதாலேயே அது மல்டி ஸ்டேஜ் ஆகிவிடாது.

குடிநீர் ஆலையில்தான் மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்குகிறது. நம் மாவட்டத்தில் நரிப்பையூரில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைத்தார்கள். ஆர்.ஓ. என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆர்.ஓ. முறையில் தண்ணீர் சவ்வை அழுத்தத்தில் மோதி இரண்டாகப் பிரிகிறது, உப்பு குறைந்த நல்ல நீர் ஒரு பக்கம், உப்பு கூடிய கழிவு நீர் மறுபக்கம். இனி இரண்டு வழி இருக்கிறது. முதல் சவ்வு தள்ளிவிட்ட கழிவு நீரை இன்னொரு சவ்வுக்கு அனுப்பி, அதிலிருந்தும் கொஞ்சம் நல்ல நீர் எடுக்கலாம். இதற்கு ஸ்டேஜ் என்று பெயர். அல்லது, கிடைத்த நல்ல நீரையே மறுபடி ஒரு சவ்வில் விட்டு இன்னும் சுத்தமாக்கலாம். இதற்கு பாஸ் என்று பெயர். முதலாவது வழியில் தண்ணீரின் அளவு கூடும், இரண்டாவதில் தரம் கூடும். நேரெதிர் நோக்கம்.

தமிழ்த் துண்டறிக்கைகள் இரண்டையும் ‘இரண்டு கட்டச் சுத்திகரிப்பு’ என்று எழுதிவிடுகின்றன. வீட்டுக்கு ஆர்.ஓ. கருவி வாங்குகிறவர், தண்ணீர் இரண்டு முறை சுத்தமாகிறது என்று நம்பிக்கொள்கிறார். நான் எழுதிக்கொடுக்கும்போது ஸ்டேஜுக்கு ‘கழிவு நீரிலிருந்து மீண்டும் எடுத்தல்’ என்றும், பாஸுக்கு ‘இருமுறை வடித்தல்’ என்றும் நீட்டித்தான் எழுதுவேன். அழகாக இருக்காது, ஆனால் யாரும் ஏமாறமாட்டார்கள். உங்கள் அட்டைக்குப் பம்பைப் போலவே இங்கும் அடுக்கு என்று போடலாம், ‘ஈரடுக்குச் சவ்வு’ என்று. எந்த நீர் எங்கே போகிறது என்று அம்புக்குறி மட்டும் தப்பாமல் வரையச் சொல்லுங்கள்.

குடிநீராக்குவதில் ‘பல கட்ட’ அப்படியே பொருந்துகிற முறையும் ஒன்று உண்டு. சூடேற்றிய கடல்நீரை வரிசையான அறைகளுக்குள் விடுவார்கள். ஒவ்வோர் அறையிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவு. உள்ளே வந்ததும் கொஞ்சம் தண்ணீர் குபுக்கென்று ஆவியாகும், மிச்சம் சற்று ஆறி அடுத்த அறைக்குப் போகும், அங்கே அழுத்தம் இன்னும் குறைவு என்பதால் ஆறியபின்னும் மறுபடி ஆவியாகும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டி உள்ள ஆலையில் இந்த முறையில் ஒரு நாளைக்கு 45 லட்சம் லிட்டரும், சவ்வு முறையில் 18 லட்சம் லிட்டரும் எடுக்கும் வகையில் அமைத்திருக்கிறார்கள். பல கட்டத் திடீர் ஆவியாக்கம் என்று சொல்லலாம். ‘திடீர்’ என்ற சொல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், அடுத்த ஆண்டு யாராவது இறால் குஞ்சு மாதிரி செய்வார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நாப்ளியஸ், பிறகு புரோட்டோசோயா, பிறகு மைசிஸ், அப்புறம் போஸ்ட் லார்வா. பொரிப்பகத்தில் பி.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள், பி.எல். 15 என்றால் அந்தப் பருவத்துக்கு வந்து பதினைந்து நாள். நாப்ளியஸ் எதையும் தின்னாது, உடம்பிலிருக்கும் கருவுணவிலேயே காலம் தள்ளும். புரோட்டோசோயாவுக்கு வந்ததும் நுண்பாசி வேண்டும். உயிருள்ளவற்றின் ஸ்டேஜுக்குப் பருவம் என்ற சொல் இருக்கும்போது கட்டம் எதற்கு?

இனி புயல் கூண்டு. இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஒரே புயலுக்கு மூன்று விதமான வரிசைகள் இருக்கின்றன, மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

முதல் வரிசை, புயலின் வலிமை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று மேலே போகும். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். பார்க்கக் கட்டம் மாதிரி இருக்கும். ஆனால் இது ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். 2020 டிசம்பரில் வந்த புரெவியை நம்மூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, ராமநாதபுரம் கரையை ஒட்டி வந்தபோது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, நகராமல் அங்கேயே கிடந்தது. பாம்பனில் எல்லோரும் புயலுக்குக் காத்திருக்க, அது புயல் என்ற பெயரையே இழந்துவிட்டது. மழை மட்டும் எங்கெங்கோ கொட்டியது. இப்படி முன்னும் பின்னும் போகக்கூடியதை ‘நிலை’ என்று சொல்வதே பொருத்தம். கட்டம் என்ற சொல்லில், தாண்டினால் தாண்டியதுதான் என்ற தொனி இருக்கிறது.

இரண்டாவது வரிசை, இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் எச்சரிக்கை. இது உண்மையாகவே நான்கு கட்டம். புயல் வரக்கூடும் என்று சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பு அதிகாரிகளுக்குச் சொல்வது முதல் கட்டம். கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு இரண்டாவது, 24 மணி நேரத்துக்கு முன்பு மூன்றாவது. நான்காவது, கரையைக் கடந்தபின் உள்பகுதிகளில் என்ன ஆகும் என்பது. இரண்டாம் கட்டத்துக்கு மஞ்சள், மூன்றாவதற்கு ஆரஞ்சு, நான்காவதற்குச் சிவப்பு. 1999இலிருந்துதான் இந்த நான்கு. அதற்கு முன்பு இரண்டே கட்டம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது இதெல்லாம் கிடையாது.

நான்காம் கட்டத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அட்டையில் அவசியம் சேருங்கள். ‘கடந்தபின்’ என்று பெயர் இருப்பதால், புயல் போனபிறகு வரும் அறிவிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்பே அது வந்துவிடும். சிவப்பைப் பார்த்து ‘எல்லாம் முடிந்தது’ என்று வலை எடுக்க இறங்கினால் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது வரிசைதான் கூண்டு. ‘பாம்பனில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று மழைக்காலத்தில் செய்தி வராத ஆண்டு உண்டா? பகலில் உருளை, கூம்பு வடிவங்களையும் இரவில் விளக்குகளையும் கம்பத்தில் ஏற்றுவார்கள். மொத்தம் 11 எண்கள். எண் என்றாலே ஏறுவரிசைதானே, எனவே பதினொரு கட்டம் என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். அது தவறு.

1, 2 இரண்டும் தொலைவில் கடலில் இருக்கும் ஆபத்தைப் பற்றியவை. 3, 4 இரண்டும் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்பவை. இதுவரை ஏறுவரிசை என்று சொல்லலாம். அடுத்து 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. வித்தியாசம் திசையில்: 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும், 6 என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும். 8, 9, 10 மூன்றும் பெரும் ஆபத்து. அங்கேயும் அதே இடம், வலம், நேர் என்ற பிரிவு. 11 என்பது புயலின் அளவே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது, மோசமான வானிலை வரப்போகிறது என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம்.

இப்போது மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். 5க்குப் பிறகு 6 வருமா? வரவேண்டிய அவசியமே இல்லை. 5 ஏறினால் 6 ஏறாது, புயல் இடமோ வலமோ ஒன்றில்தான் போகும், பாதை மாறினால் ஒழிய. ‘நேற்று 5, இன்று 6, ஆபத்து ஒரு படி கூடிவிட்டது’ என்று கரையில் பேசினால் அது தப்பு. கூடியது ஆபத்தில்லை, மாறியது பக்கம். மீனவருக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம், காற்று எங்கிருந்து திரும்பும், படகை எந்தக் கரையில் கட்டலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. இதைக் கட்டம் என்று அழைத்தால் அந்தத் தகவல் முழுவதும் அழிந்துபோகிறது.

செய்தித் தமிழில் இந்தச் சொல் படும் பாட்டையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2024 மக்களவைத் தேர்தல் ஏழு கட்டமாக நடந்தது. தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 19 அன்று முதல் கட்டத்திலேயே வாக்களித்து முடித்தது. அங்கே கட்டம் என்பது நாட்டைப் பிரித்துக்கொண்டது, யாரும் ஏழு முறை வாக்களிக்கவில்லை. ஒரே வாக்காளர் மறுபடி வந்து வாக்களிக்கும் முறைக்கு ‘சுற்று’ என்று பெயர், பிரான்ஸில் குடியரசுத் தலைவர் தேர்தல் போல. மீனவர் பிரச்சினையில் இரு நாட்டுப் பேச்சுவார்த்தையைப் பல கட்டம் என்றும் பல சுற்று என்றும் எழுதுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் கட்டம், அதே பேச்சை மறுபடி முதலிலிருந்து பேசினால் சுற்று. எது பொருத்தம் என்று கரையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

‘முதற்கட்டமாக’ என்பது அரசு அறிவிப்புகளில் வரும் சொல். முதற்கட்டமாக இத்தனை பேருக்கு நிவாரணம் என்றால் இரண்டாம் கட்டம் உண்டு என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்கிறார். அறிவிப்பு அப்படி எதையும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரியும். பணம் பிரித்துத் தரப்படுவதானால் ‘தவணை’ என்று எழுதலாம், அதற்கு எண்ணிக்கையும் தேதியும் கேட்கலாம்.

படிப்படியாக என்பதும் வேறு. மழை படிப்படியாகக் குறையும், கட்டம் கட்டமாகக் குறையாது. எல்லை தெரியாத மாற்றத்துக்குப் படிப்படி, எல்லை தெரிகிற மாற்றத்துக்குக் கட்டம். பாம்பன் புதிய ரயில் பாலத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டினார்கள், அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மேலே போவது படிப்படியாக.

இனி எழுத்து. பல கட்ட என்பதற்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: பல கட்டப் பேச்சு, பல கட்டத் தேர்தல், பல கட்டச் சோதனை. அடுக்கும் அப்படியே: பல அடுக்குப் பம்பு. ‘பல கட்டடங்களாக நடந்த விசாரணை’ என்று அச்சில் வருவதைப் பார்க்கலாம், அது வீடு கட்டுகிற கட்டடம். ‘பல்கட்ட’ என்று சேர்த்து எழுதாதீர்கள், பல் செட்டு வைக்கிற மருத்துவரின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கும். நீங்கள் கேட்ட ‘பன்னிலை’ இலக்கணப்படி சுத்தமான சொல், பல்லும் நிலையும் புணர்ந்தால் அப்படித்தான் ஆகும், பன்னாடு போல. ஆய்வேட்டில் தாராளமாக எழுதலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்கும் மேசையில் அந்த அட்டையை வைத்தால் முதல் மூன்று எழுத்தை மட்டும் வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள், அன்று முழுவதும் உங்களால் அடக்க முடியாது.

ஆக, உப்பளத்துக்குப் பல கட்ட ஆவியாதல். ராக்கெட்டுக்கு நான்கு அடுக்கு. பம்புக்குப் பல அடுக்கு. குடிநீர் ஆலை மாதிரி அறை முறை என்றால் பல கட்டம், சவ்வு முறை என்றால் ஈரடுக்கு. எது செய்திருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கூண்டுக்குத் தலைப்பு ‘துறைமுகப் புயல் எச்சரிக்கை எண்கள்’ என்று மட்டும் போதும். அதில் 5, 6, 7 மூன்றையும் ஒரே நிறத்திலும், 8, 9, 10 மூன்றையும் இன்னொரு நிறத்திலும் தீட்டச் சொல்லுங்கள். 11ஐ நிறம் இல்லாமல் தனியாக, கொஞ்சம் தள்ளி வரையட்டும்.